மறுநாட் காலை

வேலைநிறுத்தங்களைப் பற்றி எழுதுவோர் அவை தொடங்கிய நாளைப் பற்றி எழுதுகின்றனர். கோரிக்கைகளைப் பற்றியும் பேச்சுவார்த்தைகளைப் பற்றியும் எழுதுகின்றனர். வேலைநிறுத்தம் கைவிடப்பட்டதும் பேனாவை மூடி வைத்துவிடுகின்றனர். ஆயின், புகையிரத வேலைநிறுத்தத்தைப் பொறுத்தமட்டில், தொழிலாளரைப் பற்றிய தீர்ப்பு மக்கள் மனதில் எழுதப்படுவது பெரும்பாலும் அதற்கு மறுநாளிலேதான். முதல்நாள் இரவு வெகுநேரஞ் சென்றபின் ‘வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது’ என்ற செய்தி வருகிறது. காலையில் மக்கள் நிலையத்துக்கு வருகின்றனர். வண்டி வரவில்லை. வெறுந் தண்டவாளத்தைப் பார்த்தபடி அவர்கள் நிற்கும் அந்த ஒரு மணிநேரத்தில், நாட்கணக்காகத் தொழிலாளர் எடுத்துரைத்த நியாயங்கள் யாவும் கரைந்து போகின்றன. அந்த ஒரு மணிநேரத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

பருவச்சீட்டு வைத்திருப்போர் வழக்கில் ‘வண்டி’ என்றால் புகையிரதம் ஒன்றுதான். அவ்வாறு நாள்தோறும் வண்டியை நம்பி வேலைக்குச் செல்லும் கூட்டத்தில் நாமும் ஒருவர். இத்தகைய மறுநாட் காலைகள் சிலவற்றில் நாமும் மேடையில் நின்றிருக்கிறோம். அப்போது செவியில் விழும் வார்த்தைகள் பெரிதும் வேறுபடுவதில்லை. “சங்கம் விட்டுவிட்டது, ஆட்கள்தான் இன்னும் படுத்துக் கிடக்கிறார்கள்” என்பார் ஒருவர். “கேட்டதைக் கொடுத்த பிறகும் இவர்களுக்குத் திமிர் அடங்கவில்லை” என்பார் இன்னொருவர். இவர்கள் முதலாளிகளல்லர். ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்கள், கடைச் சிப்பந்திகள், மேசன் வேலைக்குச் செல்வோர், மாணவர்கள். தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஒருநாள் தவறினால் அன்றைய கூலியோடு மாதத்தின் வரவுக் கொடுப்பனவிலும் கைவைக்கப்படும். அவளுடைய கோபம் பொய்க் கோபமன்று. அந்தக் கோபம் யாரை நோக்கிச் செல்லவேண்டும் என்பதே கேள்வி.

புகையிரத சேவையை நாம் குழாய்த் தண்ணீர் போல எண்ணிப் பழகிவிட்டோம். மூடினால் நிற்கும், திறந்தால் ஓடும் என்பது நம் எண்ணம். உண்மை வேறு. காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பதுளையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர். காலையில் காங்கேசன்துறையிலிருந்து ஒரு வண்டி புறப்பட வேண்டுமாயின், அந்தப் பெட்டித் தொடர் முன்னதாகவே அங்கு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேலைநிறுத்தம் தொடங்கிய வேளையில் அது கொழும்பில் நின்றுவிட்டதாயின், நள்ளிரவில் கைச்சாத்தாகும் எந்த உடன்படிக்கையும் அதனை விடிவதற்குள் வடக்கே கொண்டுசென்று நிறுத்திவிட மாட்டாது. வெறும் வண்டியை அனுப்புவதற்கும் ஒரு சாரதி வேண்டும், ஓர் உதவியாளர் வேண்டும், ஒரு காப்பாளர் வேண்டும். அவர்கள் அனுப்பும் இடத்தில் இருக்க வேண்டும், ஓய்ந்திருக்க வேண்டும்.

இன்னும் சொல்லப் போனால், வண்டியும் சாரதியும் இருந்தாலும் வண்டி ஓடிவிடாது. வடபகுதிப் பாதை பிரியும் பொல்காவலையைக் கடந்ததும், மலைநாட்டுப் பாதையில் ரம்புக்கனையைக் கடந்ததும், பெரும்பகுதி ஒற்றைப் பாதையே. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாதிருப்பதற்காக, ஒரு நிலையத்தின் அதிபர் அடுத்த நிலையத்தின் அதிபரிடம் கேட்டு, அவர் இசைந்த பின்னரே வண்டியை விடுகிறார். மலைநாட்டுப் பாதையிலே இந்த இசைவின் அடையாளமாக ‘டப்லட்’ எனப்படும் உலோக வில்லையைச் சாரதியின் கையில் கொடுக்கும் முறை தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறது. இரு நிலையங்களில் ஒன்றில் அதிபர் இல்லையாயின் நடுவிலுள்ள பாதை செத்த பாதைதான். ஆகவே, நூறு நிலையங்களில் தொண்ணூறு நிலையங்களின் அதிபர்கள் கடமைக்குத் திரும்பிவிட்டார்கள் என்றால், சேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு திரும்பிவிட்டது என்பது பொருளாகாது. கயிறு ஓரிடத்தில் அறுந்தாலும் அறுந்ததுதான்.

பாதையும் தன் கணக்கைக் கேட்கும். வண்டி ஓடும் தண்டவாளம் சக்கரம் உராய்ந்து பளபளத்துக் கொண்டிருக்கும். சில நாட்கள் வண்டி ஓடாவிடின், நமது மழையிலும் கடற்காற்றிலும் அது துருவேறிவிடும். தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்னோட்டத்தைக் கொண்டு வண்டி நிற்குமிடத்தை அறிந்து விளக்குச் சமிக்ஞைகள் மாறும் பகுதிகளில், இந்தத் துருப்படலம் வண்டியின் இருப்பையே சமிக்ஞைக்கு மறைத்துவிடக்கூடும். அதனால் முதலில் பாதையை நடந்து பார்க்க வேண்டும். கடவைகளுக்குக் காவலர் வரவேண்டும். எஞ்சின்களை இயக்கிப் பார்க்க வேண்டும். இவையாவும் உழைப்பு. வண்டி ஒழுங்காக ஓடும் நாட்களில் நம் கண்ணுக்குப் புலப்படாத உழைப்பு. அது வராத காலையிற்கூட அந்த உழைப்பை நாம் காண்பதில்லை. வராமையை மட்டுமே காண்கிறோம்.

இது நம் நாட்டுத் திணைக்களத்தின் வறுமையால் நேர்வது என்று சிலர் கருதலாம். நமக்கு 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதற் பாதையை அமைத்து, கோப்பியை ஏற்றிச் செல்ல வழிவகுத்தவர்களின் சொந்த நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரித்தானியப் புகையிரதத் தொழிலாளர், ஆர்.எம்.ரி. சங்கத்தின் தலைமையில், முப்பது ஆண்டுகளில் அந்நாடு கண்ட மிகப் பெரிய புகையிரத வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். ஏறத்தாழ 40,000 பேர் அதில் பங்குகொண்டனர். வேலைநிறுத்த நாட்களில் வழமையான வண்டிகளில் ஐந்தில் ஒன்றளவே ஓடியது. அவ்வாண்டு நவம்பர் 5, 7, 9 ஆம் திகதிகளில் மீண்டும் வேலைநிறுத்தம் என அறிவிக்கப்பட்டிருந்தது. 4 ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிற்பகல், சங்கம் அதனை இடைநிறுத்தியது. மறுநாட் சனிக்கிழமை தொழிலாளர் எவரும் வேலைநிறுத்தத்தில் இல்லை. ஆயினும், பெரும்பாலான பாதைகளில் வேலைநிறுத்த நாளுக்கென வகுத்த குறுகிய அட்டவணையே ஓடியது. அடுத்த வாரத் தொடக்கத்திலும் தடங்கல் நீடித்தது.

காரணம் எளிது. நாட்டின் முழு அட்டவணையும் வேலைநிறுத்தத்தை எதிர்பார்த்து ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. எந்த வண்டி எந்தப் பணிமனையில் இரவு தங்கும், எந்தச் சாரதி எத்தனை மணிக்கு வருவார், எந்தச் சமிக்ஞை நிலையம் எப்போது திறக்கும் என்பன அதன்படி எழுதப்பட்டிருந்தன. பல்லாயிரம் பேரின் கடமைப் பட்டியலை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் கிழித்தெறிந்து, அதே இரவில் வேறொன்றை எழுதிவிட இயலாது. செல்வமும் கணினிகளும் நிறைந்த நாட்டிலும் இயலவில்லை.

இயன்றாலும் எழுதிவிடலாகாது என்பதற்கு அந்நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. 1988 டிசெம்பர் 12 ஆம் திகதி காலை லண்டனின் கிளப்பம் சந்திக்கு அருகில் வண்டிகள் மோதி 35 பேர் மாண்டனர். சமிக்ஞைக் கம்பி ஒன்று சரியாக அகற்றப்படாமல் தொங்கி, மின்தொடர்பை உண்டாக்கி, சிவப்பு எரிய வேண்டிய விளக்கைச் சிவப்பாக எரியவிடவில்லை. அந்த வேலையைச் செய்த தொழிலாளி அதற்கு முந்திய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள் மட்டுமே விடுமுறை பெற்றிருந்தார் என்று விசாரணையில் வெளியாயிற்று. அதன் பின்னரே, ஒரு கடமை 12 மணிநேரத்தை மீறலாகாது, இரு கடமைகளுக்கிடையே 12 மணிநேர ஓய்வு வேண்டும், வாரத்தில் 72 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற எல்லைகள் அங்கு வகுக்கப்பட்டன. ‘இன்றிரவே வண்டியை ஓட்டு’ என்று அதட்டுவோர், 35 உயிர்கள் எழுதிய விதியை அழிக்கச் சொல்கின்றனர். வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் கடமைப் பட்டியலை அவசரப்படாமல் எழுதும் எழுதுவினைஞர் பயணிகளின் பகைவரல்லர்; காவலர்.

மறுநாள் வண்டி ஓடாமைக்குத் தொழிலாளியின் சோம்பல் காரணமன்று என்பது இதுவரை கூறியவற்றால் தெளிவாகும். உடன்பாடு எட்டிய நேரமே காரணம். அப்படியாயின் உடன்பாடு ஏன் எப்போதும் கடைசி இரவில் எட்டப்படுகிறது?

பிரித்தானியச் சட்டம் அக்காலத்தில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவித்தலை விதித்திருந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏழு நாளைப் பதினான்காக நீட்டியவர்கள், பேசித் தீர்க்கக் காலம் வேண்டுமென்றனர். காலம் கிடைத்தது; பேச்சு மட்டும் கடைசி மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது. 2022 நவம்பர் 4 ஆம் திகதி சங்கத்துக்குக் கிடைத்தது சம்பள உயர்வன்று. நிபந்தனையின்றிப் பேசுவோம் என்ற சம்மதமும், ஒரு முன்மொழிவு தருவோம் என்ற வாக்குறுதியுமே. பிணக்கு அதன் பின்னரும் நீடித்தது. பாதைகளை நிர்வகிக்கும் நெட்வேர்க் ரெயிலுடன் 2023 மார்ச்சிலும், வண்டிகளை ஓட்டும் கம்பனிகளுடன் 2023 நவம்பரிலுமே தீர்ந்தது. பேசச் சம்மதிப்பதற்கு எந்தக் கணக்கும் பார்க்க வேண்டியதில்லை. இரு வாரங்களுக்கு முன்னரே அதனைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமை வண்டிகள் ஓடியிருக்கும்.

நமது நாட்டிலும் கதை இதனின்று வேறன்று. 2019 செப்டெம்பர் 25 நள்ளிரவு தொடங்கிய புகையிரத வேலைநிறுத்தம் ஒக்டோபர் 7 ஆம் திகதியே கைவிடப்பட்டது. சம்பள முரண்பாடுகளைத் தீர்க்க வேண்டுமென்பது கோரிக்கை. அந்தக் கோரிக்கை ஓரிரவில் முளைத்ததன்று. இடையில் புகையிரத சேவையை அத்தியாவசிய சேவையாக்கி வர்த்தமானி வெளியாயிற்று. வர்த்தமானி அச்சிடுவதற்கு ஒரு நாள் போதும். ஒரு சம்பள அட்டவணையைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் ஆண்டுகள் போதவில்லை. 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொதுச்சேவைகள் சட்டமும் அதுபோன்றனவும் ஒரு மனிதனைக் கடமைக்கு இழுத்துவர முயலலாம். ஆனால் தவறான நிலையத்தில் நிற்கும் பெட்டித் தொடரை அவை இழுத்துவர மாட்டா.

தொழிலாளர் தரப்பிலும் தாமதத்துக்கு ஒரு காரணமுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வாய்ச்சொல்லை நம்பித் திரும்ப அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980 யூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரி நடந்த பொது வேலைநிறுத்தத்தின் முடிவில் ஏறத்தாழ 40,000 அரசாங்க ஊழியர் வேலையிழந்தனர். அவர்களுட் புகையிரதத் தொழிலாளரும் இருந்தனர். அவர்களின் பிள்ளைகள் பலரை வகுப்பறையிற் கண்ட ஆசிரியர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். பழிவாங்கல் இராது என்ற உறுதியை எழுத்திற் காணும்வரை ஒரு சங்கம் கையெழுத்திடத் தயங்குமாயின், அந்த நினைவே அதன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. எழுதித் தர வேண்டியவர்கள் அதை முதல் நாளிலேயே எழுதித் தரலாம்.

இவ்வளவு கூறிய பின், தொழிற்சங்கங்களை நோக்கியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நண்பர்களிடம் சொல்லாத உண்மையைப் பகைவர் திரித்துச் சொல்வர். வேலைநிறுத்தத்தை முடிப்பதற்கும் திட்டம் வேண்டும். கூலிக்குப் போகும் பெண்ணைப் பொறுத்தவரை, வேலைநிறுத்தமென்று முன்கூட்டியே அறிவித்த நாளைவிட, வண்டி வருமென்று சொல்லி வராத நாளே கொடியது. முன்னையதில் அவள் பஸ்ஸுக்குக் கடன் வாங்கியேனும் புறப்பட்டிருப்பாள். பின்னையதில் கூலியும் போய், மேடையில் அரைநாளும் போகிறது. ஆகவே, கைவிடும் அறிவித்தலிலேயே சங்கங்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இன்றிரவு உடன்பட்டோம், நாளை முற்பகல் இன்னின்ன பாதைகளில் மட்டுமே வண்டி ஓடும், முழுச் சேவைக்கு இத்தனை நாள் செல்லும், காரணம் இது. மாணவர்க்கும் நோயாளர்க்கும் எந்த வண்டியை முதலில் விடுவதென்று சாரதிகளும் நிலைய அதிபர்களும் காப்பாளரும் முன்னதாகவே தமக்குள் பேசி வைத்திருக்க வேண்டும். அத்தகைய பட்டியலோடு மேசைக்கு வரும் சங்கம் பலவீனமடைவதில்லை. சேவையை நடத்தத் தெரிந்தவர் யார் என்பதை அது நாட்டுக்குக் காட்டுகிறது.

‘நாளை சேவை வழமைக்குத் திரும்பும்’ என்ற ஒற்றை வரி அறிவித்தலை எவர் வெளியிட்டாலும் நாம் ஐயத்தோடு பார்க்கப் பழக வேண்டும். அந்த வரி பொய்யாகும்போது பழி அதை எழுதியவரைச் சேர்வதில்லை. சீருடையோடு முதலில் கண்ணிற்படும் காப்பாளரையே சேர்கிறது. உழைப்பவரை உழைப்பவருக்கு எதிராக நிறுத்த இதனிலும் மலிவான வழி வேறில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாம் வகுப்பிலே நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவரின் பெயரைக் கற்பிக்கிறோம். பாதை திறக்கப்பட்ட ஆண்டையும் கற்பிக்கிறோம். காலை வண்டி ஒன்று ஓடுவதற்கு எத்தனை கைகள் வேண்டுமென்று கணக்கிட நாம் பிள்ளைகளைக் கேட்டதுண்டா? சாரதி, உதவியாளர், காப்பாளர், நிலைய அதிபர்கள், சமிக்ஞைத் தொழிலாளர், கடவைக் காவலர், பாதையை நடந்து பார்ப்பவர், பெட்டியைக் கழுவுபவர், கடமைப் பட்டியல் எழுதுபவர் என்று எண்ணிக்கொண்டு போனால் கரும்பலகை போதாது. இந்தக் கணக்கைச் செய்து பழகிய பிள்ளை வளர்ந்து ஒருநாள் வண்டி வராத மேடையில் நிற்கும்போது, அதன் கேள்வி வேறாயிருக்கும். ‘இவர்கள் ஏன் இன்னும் வரவில்லை?’ என்று கேளாது. ‘இவர்களோடு பேச இத்தனை நாள் ஏன் எடுத்தீர்கள்?’ என்று கேட்கும். அந்தக் கேள்வியைப் பக்கத்தில் நிற்கும் தையற்காரப் பெண்ணும் சேர்ந்து கேட்பாளாயின், அடுத்த உடன்பாடு நள்ளிரவு வரை காத்திராது.