கப்பலேறியவனுக்குக் காகிதம் உண்டு

தென்னாப்பிரிக்காவுக்குக் கூலியாகக் கப்பலேறிய மூதாதையைத் தேடுகிறவர் முதலில் எண்ணைக் கேட்க வேண்டும், பெயர் அப்புறம். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு எண். சென்னையிலிருந்து போன முதல் கப்பல் ‘ட்ரூரோ’ 342 பேரோடு 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. எண் எழுதிய பழைய சீட்டு வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று பெரியவர்களைக் கேளுங்கள். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

*

கப்பல் பட்டியலில் இருப்பவை: தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். ஆள் ஓடிப்போனால் அடையாளம் சொல்ல வேண்டுமே, அதற்காக முழங்கால் தழும்பு, நெற்றி மச்சம் எல்லாம் எழுதி வைத்தார்கள். படம் எதுவும் இல்லாத கொள்ளுத் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு மிஞ்சுவது அந்தத் தழும்புதான்.

*

ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியின் நிலைமை வேறு. ரயத்துவாரி நிலவரிக் கணக்குகளில் பட்டாதாரர் பெயர் இருக்கும். காணி நிலமில்லாத கூலிக்காரன் எந்தக் கணக்கில் வருவான்? தொலைந்துபோனதாக வீட்டார் அழுத அண்ணனுக்குக் காகிதம் உண்டு. வீட்டோடு இருந்தவனுக்கு ஒரு வரி கிடையாது.

*

கப்பல் பட்டியலில் ‘வட ஆர்க்காடு’ என்று பார்த்ததும் வேலூருக்கு ரயிலேற வேண்டாம். அந்த ஜில்லாவின் தலைநகரே 1911 வரை சித்தூர். கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே வழி.

*

மூட்லி, கவெண்டர் என்ற குடும்பப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு தேடுவது வீண். முதலியாரும் கவுண்டரும் நேட்டாலில் அப்படி ஆனார்கள். ஆயிரம் குடும்பங்களுக்கு அதே பெயர். தகப்பன் பெயர்தான் கயிறு.

*

100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பது கப்பல் விதி. ஒரே குடும்பமாக ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள். ஆகவே தாத்தா எண்ணுக்கு முன்னும் பின்னும் நாலு வரி படிக்கவேண்டும். கல்யாணக் கதை சிக்கலானது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று 1913இல் நீதிபதி சியர்ல் தீர்ப்பெழுதினார். தாலி கட்டியவள் சட்டத்தின் கண்ணில் யாரோ ஆகிவிட்டாள். அந்தக் கோபத்தில்தான் பெண்கள் போராடிச் சிறைக்குப் போனார்கள்.

*

ஒரே ஆளுக்கு இரண்டு ஒப்பந்தம் இருந்தால் குழம்ப வேண்டாம். கெடு முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் எழுதாமல் இருந்தால் வருஷத்துக்கு 3 பவுன் வரி என்று 1895இல் சட்டம் வந்தது. முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஆக, வரி என்பது ஆறு மாதச் சம்பளம்! 1914இல்தான் அது ஒழிந்தது.

*

அப்படிச் சிறைக்குப் போன பெண்களில் ஒருத்தியான வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். ஆனாலும் பூர்விக ஊரான தில்லையாடி அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படி ஊர் ஒட்டிய குடும்பங்கள் கொடுத்துவைத்தவை.

*

ஊருக்குப் போனால் குலதெய்வத்தைச் சொல்லி விசாரிப்பதே மேல்; பங்காளிகள் அங்கேதான் அகப்படுவார்கள். கூடவே ஒரு சந்தேகமும் கிளம்பும்: நூறு வருஷம் கழித்து வந்திருக்கிறார்களே, நிலத்தில் பங்கு கேட்கவா? அதற்காக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்னாலும் இரண்டாவது காபி வரும்வரை யாரும் நம்பமாட்டார்கள்.