டல்சா துப்பாக்கிச் சந்தையில் ஒரு சனிக்கிழமை

ஒக்லஹோமாவின் டல்சா நகரத்தில் 75 அடி உயரத்துக்கு ஒரு மஞ்சள் மனுஷன் நிற்கிறான். 'கோல்டன் டிரில்லர்' என்ற எண்ணெய்த் தொழிலாளி சிலை அது. 1966லிருந்து அங்கேயே நிற்கிறது. அதுக்குப் பின்னாடி இருக்கிற எக்ஸ்போ ஸ்கொயர் மண்டபத்தில்தான் வருஷத்துக்கு ரெண்டு தடவை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், வானன்மாக்கர் துப்பாக்கிச் சந்தை நடக்கும். உலகத்திலேயே பெரியது இதுதான் என்று நடத்துபவர்கள் சொல்கிறார்கள். மேஜைகள் மட்டும் 4,000க்கு மேல்!

டாலஸில் இருந்து ஹைவே 75ல் வடக்கே நாலு மணி நேரம். மான் வேட்டைக்குப் போகிற ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார், போனேன்.

வாசலில் டிக்கெட் வாங்கணும். சொந்தத் துப்பாக்கி கொண்டு வந்திருந்தால் குண்டு இருக்கா என்று பார்த்து, சுட முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் ஜிப் டை போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தால் நம்ம ஊர் தேர்த்திருவிழாக் கடைத்தெரு மாதிரிதான். கத்திக்கடை, பழைய நாணயக்கடை, மாட்டிறைச்சி ஜெர்க்கி விற்கிற கடை. ஸ்ட்ரோலரில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வருகிற அம்மாக்களும் உண்டு. ஒரு தாத்தா தோளில் ரைஃபிளைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறார். குழாய் முனையில் ஒரு சின்னக் காகிதக் கொடி, அதில் விலை. வியாபாரமாகச் செய்யாத தனி ஆள் தன்னுடையதை விற்றால், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்று ஒக்லஹோமாவில் சட்டம் இல்லை. லைசென்ஸ் உள்ள வியாபாரி என்றால் கட்டாயம். 4473 என்ற படிவத்தை நிரப்பணும், எஃப்.பி.ஐ.யின் சோதனை முடியணும்.

நண்பருக்குத் தெரிந்த வியாபாரி ஒருத்தரின் மேஜைக்குப் போனோம். அறுபது தாண்டியவர். இருபது வருஷத்துக்கு மேலாக ஒக்லஹோமா ஷோக்களில் கடை போடுகிறாராம். பக்கத்திலேயே கன்சாஸ், ஆர்கன்சா இருக்கே, அங்கே போவதில்லையா என்று கேட்டேன். லைசென்ஸ் வாங்கின மாநிலத்து ஷோவில்தான் அந்த இடத்திலேயே விற்றுக் கொடுக்கலாம் என்பது 1986லிருந்து சட்டம் என்றார்.

"வியாபாரம் எப்படி?" என்றேன். சிரித்தார். "என் கணக்கு நோட்டைப் பார்த்தா, எந்த மாசம் டிவியில என்ன ஓடிச்சுன்னு சொல்லிடலாம்."

அவர் சொன்னதும் எஃப்.பி.ஐ. மாதாமாதம் வெளியிடுகிற சோதனை எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். தடை வரும் என்ற பயத்தில் ஜனங்கள் ஓடிவந்து வாங்கினார்கள். அந்த ஒரு மாசத்தில் மட்டும் 2.7 மில்லியனுக்கு மேல் சோதனைகள். அதுக்கப்புறம் பசங்க டப்பா சுட்டுப் பழகுகிற .22 குண்டுகூட ரொம்ப நாள் கிடைக்கவில்லை. 2016ல் ஹிலரி ஜெயிப்பார் என்று நினைத்துக் கடைக்காரர்கள் சரக்கை அடுக்கிவைத்தார்கள். டிரம்ப் ஜெயித்தார். பயம் போச்சு, சரக்கு தேங்கிப்போச்சு. "அந்த வருஷம் வாங்கின விலைக்கே தள்ளிவிட்டேன்" என்றார். 2020ல் கோவிட், போராட்டங்கள், தேர்தல் எல்லாம் சேர்ந்து வந்தன. சோதனைகள் 39 மில்லியனைத் தாண்டின. 2023ல் அது 30 மில்லியனுக்குக் கீழே இறங்கியது. ஒரு சோதனை என்றால் ஒரு விற்பனை என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் விண்ணப்பங்களும் இதில் சேரும். ஆனால் ஏற்ற இறக்கத்தின் உருவம் தெரியும்.

இப்போது எப்படி என்றால், கூட்டம் வருது, கை பைக்குள் போக மாட்டேங்குது. மேஜை முன்னாடி நின்றே போனில் ஆன்லைன் விலையைப் பார்க்கிறார்கள். 100 டாலருக்கு வாரிக் கொடுத்த ரஷ்ய மோசின் நகான் ரைஃபிள் இப்போது பல நூறு டாலர். அதை வாங்குபவர்கள் சேகரிப்பவர்கள் மட்டும்தான். வேட்டை ரைஃபிள் மெதுவாகத்தான் நகரும். ஓடுவது கையடக்கமான 9 மில்லிமீட்டர் பிஸ்டல். "2020க்கு அப்புறம் வாங்குற ஆளே மாறிட்டாங்க. பெண்கள், கறுப்பினத்தவங்க, உங்க மாதிரி ஆசிய முகங்கள். அவங்கள்ல நிறையப் பேருக்கு அதுதான் முதல் துப்பாக்கி."

நான் பார்க்கிற வேலையில் சர்வர் டிராஃபிக் திடீரென்று ஏறும், அப்புறம் இறங்கும். இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. இங்கே அப்படி இல்லை. பயம் வந்தபோது வாங்கின துப்பாக்கி, பயம் போனதும் திரும்பிப் போவதில்லை. படுக்கை மேஜை டிராயரில், அலமாரியின் மேல் தட்டில், காரின் முன்பெட்டியில் அப்படியே இருக்கும். வியாபாரிக்குத்தான் அது 'டல் சீசன்'. நம்ம பிள்ளைகள் ஸ்லீப்ஓவருக்குப் போகிற வீடுகளில் அது எந்த சீசனிலும் குறைவதில்லை. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது இதே 2020ல்தான். அதில் விபத்து மட்டும் இல்லை, தற்கொலையும் கொலையும் அடக்கம்.

கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டும் கொடுக்கணும் என்பது லைசென்ஸ் வியாபாரிக்கு மத்தியச் சட்டம். அவரும் கொடுக்கிறார். "பாதிப் பேர் அதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுடுவாங்க. அவசரத்துக்கு எடுக்க முடியாதாம்!" கைரேகையில் திறக்கிற சின்னப் பெட்டகத்தைக் காட்டினார். இப்போது கொஞ்சம் நன்றாகப் போகிற சரக்கு அது ஒன்றுதானாம்.

நம்மவர்களும் வாங்குகிறார்கள் என்பதால் ஒரு விஷயம். ஹெச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. பெற்றோரின் விசா, நண்பரின் விசா எதுவென்று தெரியாமல் 'சும்மா வெச்சிரு' என்று கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கிளம்பும் முன் அவரிடம் நேராகவே கேட்டேன். "என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவ விளையாடப் போற வீட்டுல, துப்பாக்கி இருக்கான்னு நான் கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா?"

"நான் எடுத்துக்க மாட்டேன்" என்றார். "என் பேரப் பிள்ளைங்க வர்றப்ப என் மருமக முதல்ல கேக்குறதே அதைத்தான். இத்தனை வருஷமா விக்கிறவன் நான், என்கிட்டயே கேக்குறா. கேக்கட்டும்."

குழந்தை மருத்துவர்களின் அமெரிக்க சங்கமும் இதைத்தான் சொல்கிறது: பூட்டாத துப்பாக்கி வீட்டில் இருக்கா என்று விளையாட அனுப்பும் முன் கேளுங்கள். நமக்குத்தான் கூச்சம், அவங்க என்ன நினைப்பாங்களோ என்று. நம்ம வீட்டில் பசங்களுக்குக் கடலை அலர்ஜி என்றால் சொல்கிறோம். நாய் இருக்கா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா என்று கேட்கிறோம். அதே வரிசையில், அதே குரலில் இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "வீட்டுல துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா? குண்டு தனியா இருக்கா?" பதில் பிடிக்கவில்லை என்றால் சண்டை வேண்டாம். "பசங்க எங்க வீட்டுக்கு வரட்டுமே, தோசை ஊத்தித் தரேன்" என்று சொன்னால் போதும்.