சித்தப்பாவின் வெந்நீர்

அன்புள்ள சித்தி,

போனில் பேசி வைத்ததிலிருந்து மனசு கோட்டூர்புரத்திலேயே இருக்கிறது. "கேஸ் கீசர் ஒழுங்கா பத்தவே மாட்டேங்குது. பத்தினாலும் பாதிக் குளியல்ல அணைஞ்சு போயிடுது" என்று ஆரம்பித்தீர்கள். பிறகு பேச்சோடு பேச்சாக, குளித்துவிட்டு வந்த சித்தப்பா தலை வலிக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது என்று படுத்துவிட்டதாகவும் சொன்னீர்கள். கீசர் பற்றாதது சின்ன விஷயம். அந்தத் தலைவலிதான் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களைப் போலவே குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கும் வீடுகள் சென்னையில் எத்தனையோ. அதனால் உங்களுக்கு எழுத வேண்டியதை அவர்களும் படிக்கும்படி இந்த மடலிலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும் வரைக்கும்கூட யாரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கீசரில் குளிக்காதீர்கள்.

இனி, அது ஏன் பற்றவில்லை என்று பார்ப்போம். குழாயைத் திறந்தால் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு சுவிட்சைத் தட்டும். பேட்டரி பொறி கொடுக்கும், கேஸ் வால்வு திறக்கும். இதில் எந்த இடத்தில் தடை என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். குழாயைத் திறந்ததும் 'டிக் டிக்' சத்தமே இல்லையா? அடியில் இருக்கும் 2 பெரிய டார்ச் பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள். ஈரத்தில் அதன் முனைகள் பச்சை பூத்திருக்கும், துடைத்துவிட்டுப் போட வேண்டும். அப்போதும் சத்தம் வராவிட்டால் தண்ணீரின் வேகம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் எனக்கு அந்தச் சந்தேகம்தான் அதிகம். நீங்கள் இருப்பது கடைசி மாடி. தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் வேகமாக வரும் என்று தோன்றும். ஆனால் உயரம் குறைவு என்பதால் கட்டடத்திலேயே அழுத்தம் குறைந்த வீடு உங்களுடையதுதான். கீசரின் தகட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.02 MPa (மெகாபாஸ்கல்) என்று போட்டிருந்தால், கீசருக்கு மேலே ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று கணக்கு. தொட்டி பாதி காலியானால் அதுவும் கிடைக்காது. போதாததற்கு போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் நுழையும் இடத்தில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொருக்கும் மணலும் அப்பியிருக்கும். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

சத்தம் வருகிறது, தீ வரவில்லை என்றால் கேஸ் பக்கம் பார்க்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்துபோய் இருக்கலாம். புது சிலிண்டர் மாட்டியதும் ட்யூபில் காற்று நின்றிருக்கலாம். அந்த நேரத்தில் கேஸ் நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள்.

பாதியில் அணைவதைப் பற்றி மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். பல கீசர்கள் 20 நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சூடு மிஞ்சினாலும் நிற்கும். சில மாடல்களில், சுற்றியுள்ள காற்றில் பிராணவாயு குறைந்தாலும் நிறுத்திவிடும் சென்சார் உண்டு. உங்கள் கீசர் அப்படித்தான் அணைகிறது என்றால், அது சித்தப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சரிபார்க்க வருகிறவர் "சென்சாரை எடுத்துட்டு வயரை நேரா கொடுத்துடறேம்மா" என்று சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காற்றுக் கணக்கைச் சொன்னால் சித்தப்பாவுக்குப் புரியும். நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடவைக்கும் கீசர், உங்கள் கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் நான்கை முழுத் தீயில் வைத்தது போல எரியும். மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ கேஸ். 1 கிலோ கேஸ் முழுதாக எரிய 12 கன மீட்டருக்குமேல் காற்று வேண்டும். உங்கள் குளியலறையில் இருக்கும் காற்றே 9 கன மீட்டர்தான் தேறும். 20 நிமிடம் ஓடினால் அதில் கிட்டத்தட்ட பாதி எரிந்த புகையாகிவிடும். பிராணவாயு குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கேஸில் நாற்றத்துக்கென்றே ஒரு பொருளைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். கதவோ உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும். குளியலறையில் விழுந்தவர்களை வலிப்பு என்று நினைத்து அழைத்து வந்து, கடைசியில் கேஸ் கீசர்தான் காரணம் என்று தெரியவந்ததை நம் நாட்டு மருத்துவர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் செய்த முதல் கேஸ் கீசருக்கும் புகைபோக்கி கிடையாது. ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் அதே ஆபத்தை நம் வீட்டுக் குளியலறையில் வைத்திருக்க வேண்டுமா, சித்தி?

இங்கே நியூஜெர்ஸியில் எங்கள் கீசர் நிலவறையில் இருக்கிறது. ஆளுயர டேங்க். அதன் தலையிலிருந்து தகரக் குழாய் புகைபோக்கிக்குப் போகிறது. அதை மாற்றுவதென்றால் ஊராட்சி அனுமதி வாங்கி, ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். படுக்கையறைப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது கட்டாயம். குளிர்காலம் தொடங்கும்போது நான் ஜன்னல்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டு, கீசரின் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடிப்பேன். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. வீட்டுக்குள் திரும்பி வந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, புகைபோக்கி வழியாகவே புகையை உள்ளே இழுத்துவிடுவதும் உண்டு. அதனால் "எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கே" என்ற சமாதானம் போதாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கீசரைத் துணி காயப்போடும் பால்கனிச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். மேலே மழை படாமல் மறைப்பு வேண்டும், பக்கங்களில் காற்று தாராளமாக வர வேண்டும். அங்கிருந்து குளியலறைக்கு வெந்நீர்க் குழாய் மட்டும் வந்தால் போதும், துளை போட ஒரு நாள் வேலை. தீ நீலமாக எரிகிறதா என்று எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சளாக எரிந்தால், கரி படிந்திருந்தால், பர்னரைச் சுத்தம் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒன்றை ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன், படுக்கையறைச் சுவரில் மாட்டுங்கள்.

சித்தப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது கேஸ் கீசர் விஷயத்தைச் சொல்ல மறக்காதீர்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மறுபடி அப்படிக் கிறுகிறுத்தால் முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலை முடிகிற வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். கொதிக்கிற பாத்திரத்தை நீங்கள் தூக்க வேண்டாம். முழங்கால் வலியோடு அவரும் தூக்க வேண்டாம். கீழ்வீட்டுப் பையன் காலையில் வந்து ஊற்றிவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறான், நான் பேசிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்