நல்லா இருக்கிறதாலதான் குளிசை போடணும்



போன கிழமை களுதாவளையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் பெற்றார் கூட்டம். முடிந்த பிறகு ஒரு பிள்ளையின் தகப்பன் நின்று கதைத்தார். வெற்றிலைத் தோட்டம் செய்பவர். சிறுநீரகம் மாற்றி நாலு வருடம். போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப ஒரு வருத்தமும் இல்ல டீச்சர். ராக்குளிசைய விட்டுட்டன். ஒண்டும் செய்யல்ல."

எனக்குக் கை நடுங்கியது. இதே கதையை எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

என் காக்காவுக்குச் சிறுநீரகம் கொடுத்தது உம்மா. மூன்றாவது வருட நோன்பில் காக்கா யாரிடமும் கேட்காமல் காலைக் குளிசையையும் இரவுக் குளிசையையும் சேர்த்து நோன்பு திறந்த பிறகு போட்டார். சில நாள் அதுவும் மறந்துபோனது. அவர் நோன்பு பிடிக்கிறார் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். நானும்தான். குளிசை என்ன மாதிரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெருநாள் கழிந்து கிளினிக் போனால் கிரியேட்டினின் ஏறியிருந்தது. உம்மாவின் சிறுநீரகத்தைக் காக்காவின் உடம்பு நிராகரிக்கத் தொடங்கிவிட்டது. வாட்டில் வைத்து மருந்து ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பழைய அளவுக்கு அது வேலை செய்யவில்லை. காக்கா உம்மாவைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். உம்மா சொன்னது இவ்வளவுதான்: "எனக்கிட்ட இன்னொண்டு தாறதுக்கு இல்ல மகன்."

1954 இல் அமெரிக்காவின் பொஸ்டனில் உலகில் முதன்முதலாக வெற்றியான சிறுநீரக மாற்றம் நடந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மாதிரியான இரட்டைச் சகோதரர்கள். அதனால்தான் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. நம் நாட்டில் 1985 இல் பேராசிரியர் றெஸ்வி ஷெரீப், பேராசிரியர் ஏ. எச். ஷெரீப்தீன் ஆகியோர் இதைத் தொடங்கிவைத்தார்கள். இரட்டையர் அல்லாத மற்ற எல்லோருக்கும், பெற்ற தாயின் சிறுநீரகம் என்றாலும், உடம்பின் காவல்காரனுக்கு அது வெளியாள்தான். வருடங்கள் போனாலும் பழகிவிட்டது என்று நம்பி விட முடியாது. டக்ரோலிமஸ் போன்ற குளிசைகள் அந்தக் காவல்காரனை அடக்கி வைத்திருக்கின்றன. விட்டால் அவன் எழும்புவான். நோவு, காய்ச்சல் எதுவும் இல்லாமலே அது தொடங்கலாம். பரிசோதனைகளில்தான் தெரியவரும்.

ஆகவே "நல்லா இருக்கன்" என்பது குளிசையை விடக் காரணமல்ல. குளிசை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று எழுதித் தந்தால் அதற்கும் காரணம் உண்டு. இரத்தத்தில் மருந்து குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்தின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகுதான் காலைக் குளிசை. ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரம் இரண்டாகப் போட வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள். கடையில் வாங்கும் நோக் குளிசை, நாட்டு மருந்து எதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். கையில் இரண்டு கிழமைக்குக் குளிசை இருக்கும்போதே அடுத்ததைத் தேடுங்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டில் பட்டதை மறக்க வேண்டாம்.

நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். ஸூரத்துல் பகறாவில் இருக்கிறது. றமழான் நோன்போ கந்தசஷ்டி விரதமோ, பிடிக்கலாமா என்று முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒன்று: பிள்ளை "விளங்கிற்று" என்றால் நம்பாதே, திருப்பிச் சொல்லச் சொல். அந்தத் தகப்பனிடமும் அதைத்தான் செய்தேன். எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு, ஏன் என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நாலு வருடமாக யாரும் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லையாம். காக்காவின் கதையைச் சொன்னேன். அங்கேயே நின்று கிளினிக்குக்குப் போன் எடுத்தார். மகள் அவருடைய போனில் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் அலாரம் வைத்தாள்.

இரத்த றிப்போட் இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இன்று இரவே கேளுங்கள்: "குளிசை போட்டீங்களா? அது ஏன் எண்டு சொல்லுங்க பாப்பம்." நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.