ஏணி வைத்து ஏறிய ஊர்

லண்டனுக்குப் போகிறவர்கள் பக்கிங்ஹாம் அரண்மனையையும் டவர் பாலத்தையும் பார்த்துவிட்டு, கையில் மிச்சமிருக்கும் பணத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை மிச்சமிருந்தால் நான் சொல்கிறபடி செய்து பாருங்கள். செயின்ட் பாங்கரஸ் நிலையத்தில் வடக்கே போகும் ரயிலில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வெல்லிங்பரோ என்ற ஊர் வந்துவிடும். இறங்கிப் பஸ் பிடியுங்கள். நாம் போகவேண்டிய ரஷ்டனுக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது. 1959-ல் பிரயாணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து ஊரான இர்த்லிங்பரோவுக்கு 1964-ல் அதே கதி. (இந்த இரண்டாவது ஊரின் பெயரைத் தடங்கலில்லாமல் மூன்று தரம் சொல்லக்கூடிய நேயர்களுக்கு என் பாராட்டுக்கள்!)

இரண்டு ஊருக்கும் அருகே ஒரு நதி சாவதானமாக ஓடுகிறது. அதன் பெயரிலும் தகராறு உண்டு. மேற்கே நார்தாம்ப்டன்காரர்கள் அதை 'நென்' என்பார்கள்; கிழக்கே பீட்டர்பரோக்காரர்கள் 'நீன்' என்பார்கள். எழுதுவதென்னவோ இருவரும் ஒரே மாதிரிதான். இர்த்லிங்பரோவில் அந்த நதியின் மேல் ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. மாதா கோயிலின் கோபுரமும் அழகாக இருக்கும். பார்த்துவிட்டீர்களா? சரி, வந்த காரியத்தைக் கவனிப்போம். நாம் பார்க்க வந்தது இப்போது அங்கே இல்லாத ஒன்றை!

நார்தாம்ப்டன்ஷயர் என்ற இந்த ஜில்லாவுக்கு பூட்ஸ்தான் ஜீவனம். நம் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு தோலும் உளியும் ஊசியுமாக இருந்த பிரதேசம். நார்தாம்ப்டன் நகரத்துக் கால்பந்து கோஷ்டிக்கே 'செருப்புத் தைப்பவர்கள்' என்றுதான் செல்லப் பெயர். ரஷ்டனுக்குச் சில மைல் தள்ளி வொல்லஸ்டன் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே கிரிக்ஸ் என்ற குடும்பத்தார் பூட்ஸ் செய்துவந்தார்கள். கிளாஸ் மேர்டன்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் 1945-ல் பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டு, வலிக்காமல் நடக்க ஒரு காற்றடைத்த அடித்தோலைக் கண்டுபிடித்தார். அந்த உரிமையைக் கிரிக்ஸ் குடும்பத்தார் வாங்கி, 1960 ஏப்ரல் 1-ந் தேதி எட்டுத் துளை பூட்ஸை வெளியிட்டார்கள். அந்தத் தேதியையே எண்ணாக்கி '1460' என்று பெயரும் வைத்தார்கள். முதலில் தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளிகளும் போட்டார்கள். பிறகு பாட்டுக்காரர்கள் போட்டார்கள். அப்புறம் கேட்பானேன்? உலகமே போட்டது. 'டாக்டர் மார்டன்ஸ்' என்றால் இன்று காலேஜ் மாணவிகளுக்குக்கூடத் தெரியும்.

இந்தப் பூட்ஸிலிருந்துதான் நம் கதையின் கால்பந்து கிளப் பிறந்தது.

இங்கிலாந்தில் கால்பந்து லீக் என்பது ஓர் ஏணி. உச்சியில் நாலு டிவிஷன்கள். அவற்றில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருப்பவர்களை 'லீக்கில் சேராதவர்கள்' என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். அந்த மூட்டைக்குள்ளும் படிக்குமேல் படியாக எத்தனையோ லீக்குகள். சென்னை கிரிக்கெட் லீக்கில் ஐந்தாம் டிவிஷன், ஆறாம் டிவிஷன் என்று ஆடிப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கீழ்ப்படியில் ஆடுகிறவர் பகலில் குழாய் ரிப்பேர் செய்வார், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுவார். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். காரியதரிசியே டிக்கெட் கிழிப்பார்; அவருடைய சம்சாரம் டீ போடுவார். சில நூறு பேர் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஆட்டக்காரரைத் திட்டினால் அவர் காதில் விழும். திரும்பித் திட்டவும் திட்டுவார்! இதில் உள்ள இன்பம் பெரிய ஸ்டேடியத்தில் கிடையாது.

1987 வரையில் இந்த மூட்டையிலிருந்து மேலே போவது லேசான காரியமல்ல. லீக்கின் கடைசி இடங்களில் இருப்பவர்கள் மறுபடி தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பம் போடுவார்கள். மேலே வர விரும்புகிறவர்களும் போடுவார்கள். லீக் கிளப்புகள் கூடி ஓட்டுப் போடும். உள்ளே இருப்பவன் உள்ளே இருப்பவனுக்குத்தானே ஓட்டுப் போடுவான்? 1987-ல்தான் கீழே முதலாவதாக வருகிறவர் தானாக மேலே போகலாம் என்று விதி வந்தது. 2003 முதல் அது இரண்டு இடமாயிற்று. அதிலும், மைதானம் விதிப்படி இருந்தால்தான்! 1994-ல் கிட்டர்மின்ஸ்டர், 1995-ல் மாக்கிள்ஸ்ஃபீல்ட், 1996-ல் ஸ்டீவனேஜ் ஆகிய மூன்று கிளப்புகளும் முதலாவதாக வந்தும், மைதானம் போதாது என்று வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். ரஷ்டன் டவுன் 1889-ல் பிறந்த கிளப்; இர்த்லிங்பரோ டயமண்ட்ஸ் 1946-ல் பிறந்தது. 1992-ல் மாக்ஸ் கிரிக்ஸ், அதாவது பூட்ஸ் முதலாளி, இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். 'ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ்' என்று பெயர். இர்த்லிங்பரோவில் நதிக்கரை மைதானத்தில் 'நென் பார்க்' என்ற ஸ்டேடியம் எழுந்தது. 6,441 பேருக்கு இடம். ஊரின் ஜனத்தொகையே எட்டாயிரம் ஒன்பதாயிரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்!

அப்புறம் கிளப் ஏறிய ஏற்றம் இருக்கிறதே, அடேயப்பா! 1994-ல் ஒரு படி. 1996-ல் இன்னொரு படி. 1999 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைப் பந்தயத்துக்கு உச்ச டிவிஷனைச் சேர்ந்த லீட்ஸ் கோஷ்டி நென் பார்க்குக்கு வந்தது. ஒரு கோல் போட முடியாமல் திரும்பியது. (மறு ஆட்டத்தில் லீட்ஸ் தன் ஊரில் 3–1 என்று ஜெயித்துவிட்டது. அதனால் என்ன?) 2001-ல் பிரையன் டால்பட் என்ற மானேஜரின் கீழ் லீக்கிலேயே நுழைந்தாயிற்று. 2003-ல் அந்த டிவிஷனிலும் முதலிடம். பிறந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே 2003-ஐ மறுபடியும் பார்க்க வேண்டும். உலக மார்க்கெட்டில் பூட்ஸ் வியாபாரம் சரிந்து, கிரிக்ஸ் கம்பெனி நஷ்டத்தில் தள்ளாடியது. உற்பத்தியை ஆசிய நாடுகளுக்கு மாற்றிவிடுவது என்று தீர்மானித்தார்கள். இங்கே இருந்த தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயிரம் பேருக்குமேல் வேலை போயிற்று. (2007-ல் வொல்லஸ்டனில் கொஞ்சம் பூட்ஸ் மறுபடி தைக்க ஆரம்பித்தார்கள் என்பது வேறு விஷயம்.) மே மாதம் கோப்பையைத் தூக்கிக் காட்டியபோது கைதட்டியவர்களில் எத்தனை பேர் வேலைக்கு முழுக்குப் போட்டவர்களோ! ஊரின் ஜீவனமும் கிளப்பின் ஜீவனமும் ஒரே பையிலிருந்துதான் வந்தன. பை காலியானதும் இரண்டும் சேர்ந்தே காலியாயின.

2004-ல் ஒரு படி இறங்கியது கிளப். 2005-ல் கிரிக்ஸ் அதை அபிமானிகள் சங்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். 2006-ல் லீக்கை விட்டே வெளியே வந்தது. 2011 ஜூன் மாதம், கடன் பாக்கியாலும் அடுத்த சீசனை முடிக்கப் பணம் உண்டு என்று உறுதி காட்ட முடியாததாலும், போட்டியிலிருந்தே நீக்கினார்கள். அடுத்த மாதம் கிளப் கலைந்தது.

இவர் மீது எனக்குக் கோபமில்லை. கிரிக்ஸ் ஊருக்குத் துரோகம் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. கோடிக் கணக்கில் கொட்டினார். நம் ஊரிலும் தனவந்தர்கள் தேர் செய்து கொடுப்பதுண்டு. ஆனால் தேரைச் செய்வது ஒரு செலவு. வருஷா வருஷம் அதை இழுப்பது வேறொரு செலவு. பதினோரு வருஷத்தில் ஏறிய கிளப்புக்குத் தன் சொந்த வரும்படியில் தேர் இழுக்க ஒரு சீசனாவது சந்தர்ப்பம் கிடைத்ததா?

அப்படியானால் சின்ன கிளப் ஏறவே கூடாதா? எதிர்த் தரப்பின் சாட்சியையும் கேட்க வேண்டும். அதற்கு நாம் இங்கிருந்து வடமேற்கே, லங்காஷயர் ஜில்லாவில் அக்ரிங்டன் என்ற பழைய பஞ்சாலை ஊருக்குப் போக வேண்டும். ரஷ்டனைவிடச் சற்றே பெரிய ஊர். அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப் 1962-ல் கடன் தாங்காமல் சீசனின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகியது; சில வருஷத்தில் மறைந்தும் போயிற்று. 1968-ல் அதே பெயரில் புதிதாக ஒரு கிளப்பை ஆரம்பித்தார்கள். எத்தனை வருஷத்தில் லீக்குக்குத் திரும்பினார்கள் தெரியுமா? முப்பத்தெட்டு! இந்த 2006-ஆம் வருஷத்தில் ஒரு வேடிக்கை. 1962-ல் ஸ்டான்லி காலி செய்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட். 2006-ல் ஸ்டான்லி மேலே வந்தபோது இறங்கிய இரண்டு கிளப்புகளில் ஒன்று அதே ஆக்ஸ்ஃபோர்ட். மற்றொன்று எது என்கிறீர்கள்? நம் ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ்தான்.

ஸ்டான்லி 2018-ல் இன்னொரு படி ஏறி, ஐந்து வருஷம் அங்கே நின்று, 2023-ல் இறங்கியது. இறங்கியதும் உயிர் போய்விடவில்லை. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியவனுக்கு இறங்கவும் தெரிந்திருக்கிறது.

ஆகவே, ஏற ஆசைப்படுவதே தப்பு என்று உபதேசிப்பவர்களுடன் நான் சேர மாட்டேன். பதினொரு பேர் ஓர் ஆட்டம் ஆடினால் ஜெயிக்கத்தான் ஆடுவார்கள். ஜெயித்தவனை 'அங்கேயே உட்கார்' என்றால் நல்ல ஆட்டக்காரன் அடுத்த ஊர் கிளப்புக்குப் போய்விடுவான். பின்னாலேயே பையன்களும் போவார்கள். மேலே போனால் லீக்கின் வருமானத்தில் பங்கும் கிடைக்கும். நான் கேட்பதெல்லாம், ஏறுவதற்காக எதை விற்கிறீர்கள் என்பதுதான். லண்டனின் தெற்கே உள்ள சட்டன் யுனைடெட் கிளப் 2015-ல் செயற்கைப் புல் விரித்திருந்தது. மழையோ பனியோ, வாரம் முழுதும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அதில் விளையாடுவார்கள், வாடகையும் வரும். 2021-ல் சட்டன் லீக்குக்கு ஏறியது. லீக்கில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை. சுமார் 5 லட்சம் பவுண்டு செலவில் அதைப் பெயர்த்துவிட்டு மண்ணும் புல்லும் போட்டார்கள். 2024-ல் கிளப் இறங்கிவிட்டது. அந்த மூன்று வருஷம் சட்டன் ஜனங்களுக்கு உற்சவம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகளின் கணக்கை யார் எழுதுவது? மைதானம் கிளப்பின் கையில் இருந்து, ஒரு படி இறங்கினாலும் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுக்க முடியும் என்றால், தாராளமாக ஏறட்டும். அது இல்லாமல் ஒருவருடைய காசோலையை நம்பி ஏறுவதைவிட இன்னும் இரண்டு வருஷம் கீழேயே ஆடிக்கொண்டிருக்கலாம். இது என் அபிப்பிராயம். நென் பார்க்கைப் பார்த்த பிறகு வேறு அபிப்பிராயம் எனக்கு வரவில்லை.

பார்த்த பிறகு என்றா சொன்னேன்? பார்ப்பதற்கு என்ன இருக்கிறது! கிளப் கலைந்த பிறகு அந்த ஸ்டேடியத்துக்கு 2011-ல் குடிவந்தது, பரம வைரியான கெட்டரிங் டவுன். பத்து மைல் தள்ளிய ஊர். 1976-ல் சட்டையில் 'கெட்டரிங் டயர்ஸ்' என்று விளம்பரம் போட்டு, இங்கிலாந்திலேயே முதன்முதலில் அந்தக் காரியம் செய்த கிளப் அது. சங்கத்தார் அதட்டியதும், 'டயர்ஸ்' என்ற வார்த்தையில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவைத்து, 'அது டவுனைக் குறிக்கிறது' என்று சாதித்தார்களாம்! 1897 முதல் ஆடிவந்த ராக்கிங்ஹாம் ரோடு மைதானத்தை விட்டுவிட்டு அந்தக் கெட்டரிங் இங்கே வந்தது. வந்த மறுவருஷமே கடனில் மூழ்கி, இரண்டு படி சறுக்கி, 2012 நவம்பரில் நென் பார்க்கையும் காலி செய்தது. 2017-ல் ஸ்டேடியத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதே வருஷம், ரஷ்டன் அருகே பிரும்மாண்டமான கடைவீதி ஒன்று திறக்கப்பட்டது. சனிக்கிழமை அங்கே கார் நிறுத்த இடம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் சனிக்கிழமை இன்னொரு ஜோலியும் இருந்தது, அந்த ஊர் அபிமானிகளுக்கு. 2011-ல் கிளப் கலைந்தவுடனே அவர்கள் கூடிப் பணம் போட்டு, தங்களுக்கே சொந்தமாக ஒரு புதுக் கிளப் ஆரம்பித்தார்கள். பழைய பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து சேர்த்து 'ஏ.எஃப்.சி. ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ்'. முதல் வருஷம் வெறும் பையன்கள் கோஷ்டிதான். 2012-ல் பெரியவர்கள் கோஷ்டி, உச்சியிலிருந்து பத்தாவது படியில் ஆட ஆரம்பித்தது. சொந்த மைதானம் இல்லை. இரவல் மைதானங்களில் ஆடிவிட்டு, 2017-ல் ரஷ்டனுக்குள்ளேயே ஹைடன் ரோடு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு பட்டவர்கள் இனிமேலாவது ஏணியைத் தொடாமல் இருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் சீசனிலேயே ஒரு படி ஏறிவிட்டார்கள். 2015-ல் இன்னொன்று. 2018-ல் இன்னொன்று. இந்தத் தடவை டிக்கெட் விற்ற காசில்.