உலை வைக்கும் முன் ஒரு பிடி

நெல்லைச் சீமையில் பல கிறிஸ்தவ வீடுகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கலயம் இருக்கும். சமைக்க அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அதற்குள் போகும். பிடி அரிசிக் காணிக்கை. சேர்ந்ததும் சபைக்குக் கொண்டுபோவார்கள். மிசோரத்திலும் 1910 முதல் பெண்கள் இதைச் செய்கிறார்கள். அங்கே ஊழியங்களைத் தாங்கும் வருமானங்களில் இதுவும் ஒன்று.

இப்படிப் பிடி அரிசி எடுத்துவைத்தவர்கள் கையில் காசு புழங்காத பெண்கள். கணவனிடம் கேட்காமல் அவர்களால் கொடுக்க முடிந்தது அடுப்படியில் இருந்ததை மட்டும்தான். அதையும் வீட்டில் எல்லாரும் உண்டு மிஞ்சியபின் கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று அளந்ததில், உலை கொதிக்கும் முன்பே எடுத்தார்கள். இதைவிடப் பெரிய ஜெபம் எனக்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை கைப்பேசியில் காணிக்கை அனுப்புகிறேன். நல்லதுதான். ஆனால் அனுப்பிய நிமிடமே மறந்துபோகிறது. கலயம் அப்படி விடாது, ஒவ்வொரு வேளையும் கேட்கும்.

இப்போது என் அடுக்களையிலும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். நிறைந்ததும் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குப் போகிறது. பெண்கள் ஐக்கியத்திலும் இதைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறேன். உங்கள் சபையில் இந்த வழக்கம் இன்னும் இருந்தால், அரிசி யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள்.