தொட்டுப் பார்க்கலாமா?

புடவைக் கடையில் துணியைத் தடவிப் பார்க்காமல் யாராவது விலை கேட்பதுண்டா? சிற்பத்தின் முன் மட்டும் "தொடாதீர்கள்" என்று பலகை! அதைப் படித்த பிறகுதான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

ஆனாலும் பலகையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா? ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயத்திலுள்ள பேதுருவின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். யாத்திரிகர்கள் பல நூற்றாண்டுகளாகத் தொட்டுத் தொட்டு, முத்தமிட்டு, வலது பாதத்தில் விரல்களே மழுங்கிவிட்டன. தொட்டதெல்லாம் பக்தியோடுதான். ஆனால் கையிலுள்ள வியர்வைக்கும் எண்ணெய்ப் பசைக்கும் பக்தி ஏது? ஹம்பி விட்டலர் கோயில் இசைத் தூண்களையும் இன்று தட்டிப் பார்க்க விடுவதில்லை. நியாயந்தான்.

அப்படியானால் கண் பார்வை இல்லாதவர் கதி என்ன? அவருக்கு விரல்தானே கண்?

இத்தாலியில் அங்கோனா நகரத்தில், பார்வையற்ற ஒரு தம்பதியின் யோசனையால் 1993-ல் 'ஓமெரோ' மியூசியம் உருவாயிற்று. புகழ்பெற்ற சிற்பங்களின் நகல்களை அங்கே எல்லோரும் தாராளமாகத் தடவிப் பார்க்கலாம். மாட்ரிட் நகரத்துப் பிராடோ மியூசியமும் 2015-ல் சில ஓவியங்களைப் புடைப்பு நகல்களாக்கித் தொட்டுணர வைத்தது.

என் கட்சி இதுதான்: அசலுக்குக் காவல் இருக்கட்டும்; பக்கத்திலேயே கைக்கென்று ஒரு நகலும் இருக்கட்டும். கண்ணுள்ள நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் நஷ்டமில்லை. கண்ணில்லாதவர் கையையும் சேர்த்துக் கட்ட நமக்கு என்ன உரிமை?